வனாந்தரத்தில் ஓர் இரவு

ஓர் இரவைக் கழிப்பதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு பொருள் தேவைப்படும்? வீட்டில் இருக்கும்போது இக்கேள்வி எழுவதில்லை. கட்டில், மெத்தை, போர்வை, தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு, மாத்திரைப் பெட்டி, கைப்பேசி, அடுத்த அறையில் ஆள் என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதால், அவற்றைத் தேவைகள் என்று எண்ணுவதுகூட இல்லை. அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் கணக்குத் தொடங்குகிறது. நாம் இப்போது மகள் வீட்டில் தங்கி வாழும் அமெரிக்க நாட்டில் இக்கணக்கை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். உணவும் நீரும் எரிபொருளும் நீங்கலாக முதுகுப்பையின் எடை பத்துப் பவுண்டுக்கு, அதாவது நாலரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் அவர் மிக இலகுவாக நடப்பவர். இருபது பவுண்டுக்குக் கீழே இருந்தால் இலகுவாக நடப்பவர். அதற்கு மேற்பட்டவர் பழைய காலத்து ஆள். சமையலறைத் தராசில் காலுறைகளை நிறுத்துப் பார்ப்பவர்களும், பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து எறிபவர்களும் இவர்களுள் உண்டு. பின்னதை நாம் செய்யவில்லை. ஐந்து கிராமுக்காக ஒரு பிரஷ்ஷைப் பாழாக்குவதை நம் தாயார் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இது நேற்றுப் பிறந்த கலை அன்று. 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் எழுதிவந்த ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்பவர், 1883ஆம் ஆண்டில், அறுபது வயதைக் கடந்து காசநோயால் நலிந்திருந்த நிலையில், நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலைநாட்டின் ஏரிகளை ஒரு சிறு படகில் 266 மைல் சுற்றி வந்தார். ஓர் ஏரிக்கும் மற்றோர் ஏரிக்கும் இடையே படகைத் தாமே தூக்கி நடக்க வேண்டும். பணக்காரர்கள் இதற்குக் கூலியாள் அமர்த்திக்கொண்டார்கள். சியர்சுக்கு அந்த வசதியும் இல்லை, உடம்பில் வலுவும் இல்லை. எனவே பத்தரைப் பவுண்டு எடையில், ஐந்து கிலோவுக்கும் குறைவாக, ஒரு படகைக் கட்டச் செய்தார். எடை குறைப்பது என்பது வலுவுள்ளவர்களின் விளையாட்டாகத் தொடங்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நலிந்தவர் ஒருவர் காட்டைக் கைவிட மனமின்றிக் கண்ட வழி அது.

நம் மனத்துக்கு இன்னும் நெருக்கமானவர் எம்மா கேட்வுட் என்ற பாட்டியார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, இருபத்து மூன்று பேரக்குழந்தைகளைக் கண்டபின், 1955ஆம் ஆண்டில், தம் 67ஆம் வயதில், ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெய்ன் மாநிலம்வரை செல்லும் அப்பலாச்சியன் பாதை முழுவதையும், அன்றைய கணக்கில் ஏறத்தாழ 2,050 மைல் தொலைவை, தனியாக நடந்து முடித்தார். தாமே தைத்த துணிப்பை ஒன்று. அதில் ஒரு போர்வையும், மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்றும். காலில் சாதாரணக் கேன்வாஸ் காலணி. கூடாரம் இல்லை. பிள்ளைகளிடம் நடக்கப்போவதாக மட்டும் சொன்னாராம். எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. பல ஆண்டுகள் கணவரின் அடியையும் உதையையும் தாங்கி, இறுதியில் மணமுறிவு பெற்றவர் அவர். ஏன் நடக்கிறீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை சொன்னார். அந்த விடைகளைப் படித்தபோது, உண்மையான விடை அவற்றுள் இல்லை என்றே நமக்குத் தோன்றியது. பத்திரிகைக்காரரிடம் சொல்லக்கூடியதா அது?

நாம் ஏன் சென்றோம் என்பதை இங்கே சொல்லிவிடுவதே முறை. (இதழின் வழக்கத்தையொட்டி 'நாம்' என்று எழுதிவருகிறோம், ஆனால் சென்றது ஒரே ஓர் ஆள். எழுத்தில் பன்மையும் காட்டில் ஒருமையுமாக இக்கட்டுரை அமைந்துவிட்டதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.) நம் துணைவியார் 2022ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அதற்கு முந்திய பதினான்கு மாதங்கள் நுரையீரல் நோயோடு படுக்கையில் இருந்தார். பகலில் மகளும் செவிலியரும் பார்த்துக்கொண்டார்கள். இரவு நம் பொறுப்பு. இரண்டு மணிக்கு ஒரு மருந்து. கடிகார மணி தேவைப்படவில்லை; முதல் மாதம் முடிவதற்குள் உடம்பே அந்த நேரத்தைக் கற்றுக்கொண்டது. விழித்ததும் முதலில் செய்வது, இருட்டில் அசையாமல் கிடந்து, மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வது. கேட்டபின்தான் எழுந்திருப்போம்.

அவர் போன பின்னும் உடம்பு அந்த நேரத்தை மறக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். காது தீட்டிக்கொள்ளும். கேட்பதற்கு ஒன்றும் இராது. அடுத்த அறையில் மகளும் மருமகனும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள். பேரன் பள்ளிக்குப் போக வேண்டியவன். அவர்களை எழுப்பிவிடலாகாதே என்று இருமலையும் அடக்கிக்கொண்டு விடியும்வரை மரம்போலக் கிடப்போம். மருத்துவர் மாத்திரை தந்தார். பங்குத்தந்தை செபிக்கச் சொன்னார். இரண்டையும் செய்தோம், தூக்கம் வரவில்லை. ஈராண்டு இப்படிக் கழிந்தபின் நமக்கு ஒரு சிறு ஆசை பிறந்தது. அந்த இரண்டு மணியை ஒரு முறையாவது நான்கு சுவர்களுக்கு வெளியே சந்திக்க வேண்டும். யாருடைய மூச்சுக்கும் காது கொடுக்க வேண்டாத, யாருடைய தூக்கத்துக்கும் அஞ்ச வேண்டாத ஓர் இடத்தில், அந்த வேளை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மகளிடம் சொன்னபோது அவள் கைவேலையை நிறுத்திவிட்டாள். "அப்பா, உங்களுக்கு அறுபத்து மூணு வயசு. தனியா காட்டுல போய்ப் படுக்கணும்னு யார் சொல்லிக்கொடுத்தா?" என்றாள். பாட்டி கேட்வுட்டைச் சொன்னோம். "அந்தப் பாட்டிக்கு பிரஷர் மாத்திரை உண்டா?" என்று கேட்டாள். மருமகன்தான் இடையே புகுந்து, "மாமா போகட்டும், ஆனா நாம சொல்றபடி போகட்டும்" என்று ஒரு வழி கண்டார். அவர் வாங்கித் தந்தது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கைக்கடக்கமான கருவி, நூறு கிராம். கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடத்திலிருந்தும் அது நாம் இருக்குமிடத்தை அவ்வப்போது வீட்டுக்குத் தெரிவிக்கும். ஆபத்து நேர்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தனிமையைத் தேடிச் செல்பவனுக்குக் கழுத்தில் மணி கட்டியதுபோல இருக்கிறதே என்று முதலில் முணுமுணுத்தோம். பிறகு ஒப்புக்கொண்டோம். எங்கே தங்குகிறோம், எந்த வழியாக வருகிறோம், எத்தனை மணிவரை காத்திருந்து எப்போது காவலரை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தோம். தனியே செல்பவர்கள் இந்தத் தாளை ஒட்டாமல் போகக் கூடாது என்பது நம் உறுதியான கருத்து.

சென்ற இடம் நியூ ஜெர்சி மாநிலத்தின் தென்பகுதி. நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையே, நெருக்கடி மிகுந்த அந்த மாநிலத்தின் நடுவே, ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர் பரப்பில் ஒரு பைன் காடு விரிந்துகிடக்கிறது என்பதை முதலில் நம்பவே முடியவில்லை. 1978ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இதனைத் தேசியக் காப்பு நிலமாக அறிவித்தது. மண் முழுவதும் மணல், அமிலத்தன்மை மிக்கது. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கோதுமை விதைத்துப் பார்த்தார்கள்; விளையவில்லை. எனவே 'பைன் பேரன்ஸ்', அதாவது பைன் மரங்கள் நிற்கும் வெறுநிலம் என்று பெயரிட்டார்கள். மரம் அடர்ந்த இடத்துக்கு வெறுநிலம் என்று பெயர் வைத்தது பலருக்கு வியப்பாக இருக்கும். நமக்கு அவ்வளவு வியப்பில்லை. நம் பழைய மறைநூல் மொழிபெயர்ப்புகளில் பாலைநிலத்துக்கு வனாந்தரம் என்றுதான் பெயர். எகிப்துப் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்த பெரிய அந்தோனியாரை நம் ஊர்களில் வனத்து அந்தோனியார் என்றே அழைக்கிறோம். சிறுவயதில் அவரை ஆலும் அரசும் சூழ்ந்த காட்டில் உட்கார்ந்திருப்பவராகவே கற்பனை செய்திருந்தோம். மணலும் மரமும் ஒன்றாக இருக்கும் ஓரிடத்தில், அறுபது வயதுக்குப் பிறகு, அந்தச் சொல் நமக்கு முழுதாக விளங்கியது.

இக்காட்டின் ஊடே 'படோனா' என்ற நடைபாதை செல்கிறது. பிலடெல்பியா நகரத்து நடைபயணச் சங்கம் ஒன்று 1961ஆம் ஆண்டில் அமைத்தது. இன்று நீளம் ஏறத்தாழ 53 மைல், அதாவது 85 கிலோமீட்டர். மரங்களில் இளஞ்சிவப்பு வண்ணத்தில் பட்டை பட்டையாக அடையாளம் தீட்டியிருக்கிறார்கள். ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. நினைத்த இடத்தில் படுக்க முடியாது. முன்கூட்டிக் கட்டணம் செலுத்தி அனுமதி பெற்று, குறிக்கப்பட்ட முகாமிடங்களில் மட்டுமே தங்கலாம்.

நம் நாட்டில் இதைச் செய்யலாமா என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு சொல். தமிழகத்தின் காப்புக்காடுகளில் தனியே புகுந்து இரவு தங்குவதற்கு இடமில்லை, தங்கவும் கூடாது. யானை நடமாடும் காடு அது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய தீ மலையேறச் சென்றவர்களுள் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2024இல் வனத்துறை நாற்பது பாதைகளைத் தேர்ந்து, வழிகாட்டியோடு செல்ல ஏற்பாடு செய்தது. விரும்புவோர் அவ்வழியே செல்வதுதான் முறை. மேலும், குறைந்த சுமையோடு நெடுந்தூரம் நடப்பது நமக்குப் புதிதும் அன்று. ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிச் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். தோளில் ஒரு பை, அதில் மாற்றுடை ஒன்று, துண்டு, சுருட்டிய பாய். எவரும் அதனை நிறுத்துப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பை மேற்சொன்ன கலைஞர்களின் பைக்கு எந்த வகையிலும் தாழ்ந்ததன்று. வேற்றுமை ஒன்றே: அங்கே கூட்டத்தோடு நடக்கிறோம், வழியெங்கும் எவரோ மோர் தருகிறார்.

நம் பையின் கணக்கைச் சொல்கிறோம். வெறும் பை 700 கிராம். ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய கூடாரம் 900. இறகு நிரப்பிய போர்வை 600. காற்றடைக்கும் பாய் 350. மழைச்சட்டை 250. சிறு எரிவாயு அடுப்பு, டைட்டேனியம் குவளை, கரண்டி ஆகியவை 400. மாற்றுடையும் கம்பளிக் குல்லாயும் 500. நீர் வடிகட்டியும் புட்டிகளும் 150. நெற்றி விளக்கும் மருந்தும் 250. மருமகன் தந்த கருவி 100. கூட்டினால் 4 கிலோ 200 கிராம். இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோ உணவும் சேர்ந்து ஏழேகால் கிலோ அளவில் நின்றது.

இவற்றுள் போர்வையைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் ஓர் அறிவு இருக்கிறது. தூங்கும் பை என்பது உடலைச் சுற்றிலும் இறகு வைத்துத் தைத்தது. ஆனால் இறகு வெப்பத்தைக் காப்பது தன்னிடையே சிக்கிய காற்றினால். நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழுள்ள இறகு நசுங்கிக் காற்று வெளியேறிவிடுகிறது. நசுங்கிய இறகால் பயனில்லை. தரையின் குளிரை உண்மையில் தடுப்பது பாய்தான். அப்படியானால் அந்த அடிப்பகுதியை எதற்குச் சுமக்க வேண்டும்? ரே ஜார்டீன் என்ற பொறியாளர் இதைப்போன்ற கேள்விகளை ஒவ்வொரு பொருளிடமும் கேட்டு, தம் மனைவியோடு சேர்ந்து பைகளையும் போர்வைகளையும் தாமே தைத்துக்கொண்டு நடந்து, 1992இல் ஒரு கைந்நூலாக வெளியிட்டார். இன்றைய இலகு நடையாளர்கள் பலரும் அவர் வழி வந்தவர்களே. உணவில் நாம் ஜார்டீனை நாடவில்லை. நம் முன்னோரின் கட்டுச்சோறு சுவையானது. ஆனால் சோற்றின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அவலோ தண்ணீர் நீங்கியது. வறுத்த கடலையும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கலந்த அவலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் உணவு தயார். இங்கே விலையுயர்ந்த உறைகளில் விற்கும் உலர் உணவைவிட இது நன்று என்று எவரிடமும் வாதாடத் தயார்.

2024ஆம் ஆண்டு மே மாதத்தின் பிற்பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் மகள் நம்மைக் கொண்டுபோய் விட்ட இடம் ஒரு நினைவுக்கல். எமிலியோ கரான்சா என்ற மெக்சிகோ நாட்டு இளம் விமானி, நல்லெண்ணப் பயணமாக அமெரிக்கா வந்து, 1928 ஜூலை 12 அன்று நியூயார்க்கிலிருந்து தாயகம் திரும்பும் வழியில், இடிமழையில் சிக்கி இக்காட்டில் விழுந்து மாண்டார். வயது இருபத்திரண்டு. மெக்சிகோப் பள்ளிச் சிறுவர்கள் சேர்த்தனுப்பிய காசில் எழுந்த கல் அது. தலைகீழாக விழும் கழுகு ஒன்று அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் மக்கள் கூடி அவருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் இறந்துபோன அயல்நாட்டுப் பிள்ளைக்காக! மகள் அக்கல்லைச் சுற்றி வந்து, "இந்த இடந்தானா கிடைச்சுது உங்களை இறக்கிவிட?" என்று கேட்டுவிட்டு, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினாள். அவள் சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கு அனுப்புகையில் அவளுடைய தாய் வரைந்த அதே சிலுவை.

நடை எளிது. மணல் காலை இழுக்கிறது. வேறு தொல்லை இல்லை. கால்சட்டையின் கீழ்நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடந்தோம். கரடியும் பாம்பும் அல்ல, இக்காட்டில் அஞ்ச வேண்டியது கடுகளவு உண்ணிதான். அது கடித்து லைம் என்னும் நோயைத் தரும். பைன்களின் இடையே அவுரிநெல்லிச் செடிகள் இடுப்பளவு நிற்கின்றன. தாழ்ந்த இடங்களில் பாதை கருவாலி நிழலை விட்டு இறங்கி, வெண் தேவதாரு மரங்கள் நெருங்கி நிற்கும் சதுப்புக்குள் பலகைகள்மீது செல்கிறது. அங்கே ஓடும் நீரைக் கண்டால் எவரும் ஒரு கணம் நிற்பார்கள். பால் கலக்காத தேநீரின் நிறம்! அழுக்கன்று, தேவதாருவின் சாறும் மண்ணிலுள்ள இரும்பும் கூடித் தருகின்ற நிறம். இந்த இரும்பை உருக்கித்தான் இங்கே 18ஆம் நூற்றாண்டில் ஆலைகள் நடந்தன. காட்டின் அடியில் மணலுக்குள் 17 லட்சம் கோடி காலன் அளவுக்கு நன்னீர் தேங்கியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். விளையாத வெறுநிலம் என்று எவரும் வந்து குடியேறாததால் தங்கிய செல்வம் அது. வடிகட்டியில் ஊற்றிக் குடித்தோம். வடிந்த பின்னும் நிறம் மாறவில்லை. சுவையில் சிறிது மரம் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு முகாமிடம் சேர்ந்தோம். பாட்ஸ்டோ ஆற்றங்கரை, வாகனம் வராத இடம். அன்று வேறு எவரும் இல்லை. கூடாரம் அமைக்கப் பத்து நிமிடம், அவல் உண்ணப் பத்து நிமிடம். உணவுப் பையைத் தொலைவில் ஒரு கிளையில் கட்டித் தொங்கவிட்டோம். தீ மூட்டவில்லை, வறண்ட பைன் சருகின்மேல் தீ மூட்டுவது அறிவுடைமையன்று. அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இதனை எவரும் நமக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. பையில் பொருள் குறையும்போது வேலையும் குறைந்துவிடுகிறது. கழுவ ஒரு குவளை, மடிக்க ஒரு துண்டு, முடிந்தது. இருட்ட இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருட்டியதும் அச்சம் வந்தது. மறைப்பதற்கில்லை. கூடாரத்தின் துணி ஒரு சேலையின் கனம்கூட இல்லை. ஆனால் அதற்கு வெளியே ஒரு சருகு அசைந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எலியின் காலடி இருட்டில் மாட்டின் காலடியாகக் கேட்கிறது. வனத்து அந்தோனியாரைப் பேய்கள் விலங்கு வடிவில் வந்து அச்சுறுத்தின என்று புனித அத்தனாசியார் எழுதிய வரலாற்றைச் சிறுவயதில் கேட்டு நடுங்கியது நினைவுக்கு வந்தது. இக்காட்டுக்கும் ஒரு பேய்க்கதை உண்டு. 1735இல் பிறந்ததாம், குதிரைத் தலையும் வௌவால் சிறகும் உடையதாம். பகலில் சிரித்துக்கொண்டே படித்திருந்தோம். ஒன்பது மணியளவில் ஆற்றோரத்திலிருந்து தவளைகள் தொடங்கின. இக்காட்டுக்கே பெயர்போன பச்சைநிற மரத்தவளை. மூக்கால் பேசுவதுபோன்ற குரல். நம் ஊர்க் குளத்தங்கரையை நினைவூட்டியதாலோ என்னவோ, அதன்பின் உறங்கிவிட்டோம்.

விழிப்பு வந்தது. விளக்கை ஏற்றாமலே நேரம் தெரியும். காது தன் வழக்கப்படி தீட்டிக்கொண்டது.

இம்முறை கேட்டது. கூடாரத்துக்கு மிக அருகில், ஒரு பறவை மூன்று அசைகளில் கூவிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், அதே மூன்று அசைகள். நம் ஊர்ப் பக்கியின் இனத்தைச் சேர்ந்தது. 'விப்-பூர்-வில்' என்று அதன் குரலையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஜான் பரோஸ் என்ற இயற்கை எழுத்தாளர் இப்பறவை ஒன்று இடையறாது 1,088 முறை கூவியதை எண்ணியிருக்கிறார். நாமும் எண்ணத் தொடங்கினோம். இருநூறைத் தாண்டியதும், எண்ணிக்கையை விட்டுவிட்டு, விரல்களில் செபமாலை சொல்லத் தொடங்கினோம்; மாலையை எடுக்கக் கையை வெளியே நீட்டக் குளிராக இருந்தது. வாய்விட்டே சொன்னோம். ஈராண்டுக்குப் பின் அந்த வேளையில் நம் குரலை நாமே கேட்டது அப்போதுதான். பறவை தன் பாட்டில் கூவியது; நாம் நம் பாட்டில் சொன்னோம். மூன்றாம் பத்திலோ நான்காம் பத்திலோ அழுகை வந்தது. அதையும் அடக்கவில்லை. அடக்குவதற்கு அங்கே காரணம் ஒன்றும் இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிலவு மறைந்ததும் பறவை நின்றுவிட்டது. மறுபடி உறக்கம் வரவில்லை. காட்டுக்குப் போய் வந்தேன், நோய் தீர்ந்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால் இன்றும் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. இப்போதெல்லாம் எழுந்து சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டு, சுக்குத் தண்ணீர் வைத்துக் குடிக்கிறோம். பாத்திரச் சத்தம் கேட்டால் கேட்கட்டும்.

ஐந்து மணிக்கு வெளுத்தது. ஆற்றின்மேல் புகைபோல் ஆவி. கூடாரத் துணியின் உட்புறம் நம் மூச்சின் ஈரத்தால் நனைந்து சொட்டியது. அதைத் துடைத்து மடித்துப் பையில் வைத்தபோது பை முதல்நாளைவிடக் கனமாக இருந்ததைக் கண்டு சிரித்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள் வழியில் எரிந்த காடு வந்தது. 2022 ஜூனில் முல்லிகா ஆற்றுப் பகுதியில் பற்றிய தீ 13,000 ஏக்கருக்கு மேல் தின்றது. அடிமரங்களெல்லாம் கரி. ஆனால் ஒவ்வொரு கரிய மரத்தின் உடம்பிலிருந்தும், கிளையிலிருந்தல்ல, அடிமரத்தின் பட்டையைப் பிளந்துகொண்டே, பச்சை ஊசியிலைகள் கொத்துக் கொத்தாக வெளிவந்திருந்தன. நரைத்த முகத்தில் புதிதாகத் தாடி முளைத்ததுபோல விந்தையான தோற்றம். இந்தப் பிட்ச் பைன் மரத்தின் தடித்த பட்டைக்குள் மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. தீ பட்டால் அவை விழிக்கின்றன. சில மரங்களின் காய்களோ பிசினால் மூடிக்கிடந்து, தீயின் சூட்டில்தான் திறந்து விதையை உதிர்க்கின்றன. தீயே வராவிட்டால் கருவாலிகள் மேலோங்கிப் பைன்கள் மெல்ல மறைந்துவிடுமாம். நாம் நடந்து வந்த இரண்டே மாதங்களில், 2024 ஜூலையில், இதே காட்டின் மற்றொரு பகுதியில் 4,000 ஏக்கருக்கு மேல் மறுபடியும் எரிந்தது. செய்தியில் கண்டபோது பழகியவர் வீட்டில் நடந்ததைப்போல் இருந்தது.

பாட்ஸ்டோ என்ற பழைய இரும்பாலைச் சிற்றூரில் பாதையை விட்டு வெளியேறினோம். 1766இல் தொடங்கிய ஆலை அது, இன்று காட்சிக்கூடம். மகள் முன்னமே வந்து மர நிழலில் நின்றிருந்தாள். பையை வாங்கிக் காரில் வைத்தாள். கழுத்தின் பின்புறமும் காதின் பின்புறமும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை.

"தூங்கினீங்களா அப்பா?"

"இரண்டு மணிக்குமேல் தூங்கவில்லை" என்றோம்.

"நானுந்தான்" என்றாள். கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். நிலப்படத்தில் ஆற்றின் வளைவில் ஒரு நீலப் புள்ளி. அதன்மேல் புள்ளியாக, மணிக்கொன்றாக, இரவு முழுவதும் அதே இடத்தில். "ரெண்டு மணிக்கு வரவேண்டிய புள்ளி கொஞ்சம் லேட்டா வந்துச்சு" என்றாள்.

வழியில் ஒரு கடையோரம் நிறுத்திக் காப்பி வாங்கினாள். அதைக் குடித்து முடிக்குமுன், ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தாள். சன்னலைச் சிறிது இறக்கிவிட்டு, அவள் கையிலிருந்த குவளையை மெல்ல வாங்கிப் பிடித்துக்கொண்டு, அருகில் உட்கார்ந்திருந்தோம்.